படம் வரையிற கிரிட்டா சாஃப்ட்வேர்ல ரைட் கிளிக் பண்ணா வர்ற வட்டத்துல என் பிரஷ் வரமாட்டேங்குது, யாராச்சும் சொல்லுங்க

தங்கச்சிமடத்துப்பய:
அண்ணே எல்லாருக்கும் வணக்கம். கிரிட்டா 5 விண்டோஸ் லேப்டாப்புல போட்டுருக்கேன், பேனா டேப்லெட் ஒண்ணு. மீன்பிடி தடைக்காலம்ல, சித்தப்பா விசைப்படகு கரையில ஏறிருச்சு, ஜூன் 14க்குள்ள பெயிண்ட் வேலை முடியணும், அணியத்துல, அதான் படகோட முன்பக்கத்துல, என்ன படம் போடலாம்னு நாந்தான் வரைஞ்சு காட்டணும். திண்ணையில உக்காந்து டேப்லெட்ட மடியில வச்சிக்கிறேன், கீபோர்டு எட்டாது, அதனால பேனா பட்டன அமுக்குனா வர்ற வட்டத்த நம்பித்தான் ஓட்டுறேன். ஆனா அதுல நான் தொடாத பிரஷ்தான் நிக்குது. எனக்கு வேண்டியது பதினாலு பிரஷ். அண்டூவும் ஸ்கிரீன்லயே வேணும்.

கீழக்கரை_கோடு:
தம்பி, பிரஷ் பிரீசெட் டாக்கர்ல, அதான் பிரஷ் எல்லாம் வரிசையா நிக்கிற ஓரப் பேனல்ல, உன் பிரஷ் மேல ரைட் கிளிக் பண்ணு, அசைன் டு டேக்னு வரும், புதுசா ஒரு டேக் போட்டு எல்லாத்தையும் அதுல சேரு. பேரு 'படகு'ன்னு வை.

தங்கச்சிமடத்துப்பய:
சேர்த்துட்டேன் காக்கா, டாக்கர்ல 'படகு'ன்னு எடுத்தா பதினாலும் வருது, வட்டத்துல மட்டும் பழையபடிதான். ரெண்டு தடவ மூடித் திறந்தும் பாத்துட்டேன் 😭

கீழக்கரை_கோடு:
அட, அதத்தான் சொல்ல மறந்துட்டேன். டாக்கர்ல எடுக்குற டேக் வேற, வட்டத்தோட டேக் வேற, நீ இங்க மாத்துனா அங்க மாறாது. வட்டத்த திறந்து அதுலயே கீழ் ஓரத்துல இருக்குற டேக் ஐகான அமுக்கி 'படகு' எடு. எனக்கும் இதுல ஒரு சாயங்காலமே போச்சு.

தங்கச்சிமடத்துப்பய:
வந்துருச்சு!! ஆனா பத்துதான் நிக்குது, மிச்சம் நாலு எங்க?

பாம்பன்_காத்து:
செட்டிங்ஸ், கான்ஃபிகர் கிரிட்டா, அதுல பாப்-அப் பேலட். பிரஷ் எண்ணிக்கைய அங்க கூட்டிக்க, வட்டத்தோட அளவும் அங்கயேதான். ஆனா தம்பி, பதினாலு ஜாஸ்திப்பா, எண்ணிக்கை கூடக்கூட ஐகான் நெருங்கிக்கிட்டு பேனா முனை பக்கத்துல இருக்குறதத் தொட்டுரும், நான் எட்டுக்கு மேல வைக்கிறதே இல்ல. அண்டூவுக்கு செட்டிங்ஸ்ல டாக்கர்ஸ்குள்ள டச் டாக்கர்னு இருக்கும், டிக் பண்ணு, அண்டூ ரீடூ கண்ட்ரோல் ஷிஃப்ட் எல்லாம் பெரிய பட்டனா வரும். அத இடது ஓரத்துல ஒட்டிக்க, வலதுல வச்சா வரையிற கை மறைச்சுரும். எல்லாம் சரியானதும் விண்டோ மெனுல ஒர்க்ஸ்பேஸா சேவ் பண்ணிரு, பின்னாடி எதாச்சும் கலைஞ்சாலும் ஒரே கிளிக்ல திரும்பிரும்.

தங்கச்சிமடத்துப்பய:
எல்லாம் செட் ஆச்சுண்ணே, சேவும் பண்ணிட்டேன். அதுக்குள்ள தங்கச்சி வந்து கீபோர்டுல எதையோ தட்டிட்டா, மெனு டாக்கர் ஒண்ணுமே இல்ல, படம் மட்டும் நிக்குது. அன்இன்ஸ்டால் பண்ணிரவா??

கீழக்கரை_கோடு:
அட இரு இரு. 'டேப்' கீய ஒருதரம் தட்டு. அது கேன்வாஸ் ஒன்லி, மெனு எல்லாத்தையும் ஒளிச்சு வைக்கிற மோடு. இதுக்குப் போயி அன்இன்ஸ்டாலா!

தங்கச்சிமடத்துப்பய:
வந்துருச்சு காக்கா, உசுரு வந்துச்சு. பிரஷையும் ஒம்போதா கொறச்சுட்டேன், பாம்பன் அண்ணன் சொன்னது சரிதான். சித்தப்பாகிட்ட படத்தக் காட்டுனேன், மீனுக்கு கண்ணு பெருசா இருக்காம். அதுக்கு எந்த மெனுண்ணே?