பாரிஸ் லா சமரிட்டேன்: கட்டடம் பார்க்க மட்டும் போனால் எங்கிருந்து தொடங்குவது?

தெற்கு_ஜன்னல்:
டிசம்பரில் பாரிஸ். லா சமரிட்டேன் என்ற பழைய பல்பொருள் அங்காடிக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறேன். பொருள் வாங்குவது இரண்டாம்பட்சம். புதுப்பித்த படிக்கட்டு, கண்ணாடிக் கூரை, மயில் ஓவியம் மூன்றையும் நிதானமாகப் பார்க்க வேண்டும். எந்த வாசல், எந்த நேரம்? மொட்டை மாடியில் இலவசமாக ஊரையே பார்க்கலாம் என்று ஒரு பழைய கையேட்டில் இருக்கிறது, உண்மையா? உடன் வருபவருக்கு முழங்கால் வலி, அதிகம் படி ஏற முடியாது.

இரும்புச்சாரம்:
முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். சமரிட்டேன் ஒரே கட்டடம் இல்லை. நீங்கள் சொல்லும் மூன்றும் ஃபிரான்ட்ஸ் ழூர்தேன் கட்டிய இரும்புச் சட்டகக் கட்டடத்தில் இருக்கின்றன. 1905 முதல் 1910 வரையிலான ஆர்ட் நூவோ வேலை, அதாவது பூவும் கொடியுமாக வளையும் பாணி. ஆற்றைப் பார்த்து நிற்கும் கல் முகப்பு 1928-இல் முடிந்தது, ஆன்ரி சோவாழ் கைவண்ணம், நேர்கோட்டு வடிவங்கள் கொண்ட ஆர்ட் டெகோ பாணி. அது இப்போது ஷெவால் பிளாங்க் ஹோட்டல். படத்தில் அதைப் பார்த்துவிட்டுப் பலர் ஆற்றுப் பக்கமாகவே வந்து, ஹோட்டல் வாசலில் நின்று விழிக்கிறார்கள். வடக்கே ரிவோலி தெருவில் அலை அலையாக நெளியும் கண்ணாடி முகப்பு ஜப்பானின் சானா என்ற கட்டடக்கலை நிறுவனம் வடிவமைத்தது.

ஆகவே ரூ த லா மோனே தெரு வாசலில் நுழையுங்கள். நுழையும் முன் எதிர்ச் சாரியில் நின்று முகப்பை ஐந்து நிமிடம் பாருங்கள். பூவேலையும் எழுத்துகளும் எனாமல் பூசிச் சுட்ட எரிமலைக் கல் பலகைகளில் இருக்கின்றன. அந்த முகப்பு கிழக்கு பார்த்தது; காலை வெயிலில்தான் நிறம் எழும், மதியத்துக்குப் பிறகு நிழல்.

உள்ளே போனதும் லிஃப்டில் நேராக ஐந்தாம் மாடி. பெரும்பாலோர் செய்வது நேர்மாறு: கீழிருந்து படி ஏறி, வழியிலேயே கடைப் பொருள்களைப் பார்த்து நேரம் போய், மேலே வரும்போது களைத்துவிடுவார்கள். மேலே கூரைக்குக் கீழே நான்கு பக்கமும் சுற்றி ஓடுவதுதான் மயில் ஓவியம். 115 மீட்டர் நீளம், 3.5 மீட்டர் உயரம். வரைந்தவர் கட்டடக் கலைஞரின் மகன் ஃபிரான்சிஸ் ழூர்தேன். பின்னாளில் அதன்மேல் வெள்ளை அடித்து மறைத்திருந்தார்கள். புதுப்பிக்கும்போது அந்தப் பூச்சை நீக்கி மீட்டார்கள். ஒரே இடத்தில் நின்றால் பாதிகூடத் தெரியாது. கிராதியை ஒட்டி ஒரு முழுச் சுற்று வாருங்கள். அருகிலுள்ள சுவரைவிட எதிர்ச் சுவர்தான் நன்றாகத் தெரியும்.

பிறகு பெரிய படிக்கட்டில் இறங்குங்கள். ஓக் மரப் படி, கிராதியில் தங்க ரேக் ஒட்டிய இலை வேலைப்பாடு. முழங்கால் வலிக்காரருக்கு இறக்கம்தான் அதிகம் வலிக்கும், அதனால் அவர் ஒரு மாடி மட்டும் நடந்துவிட்டு லிஃப்டுக்குப் போகட்டும். நான்காம் மாடிக் கிராதி அருகே நின்று கீழே பார்த்தாலே படிக்கட்டின் முழு வடிவமும் கண்ணுக்குள் வந்துவிடும்.

வெளிச்சக்கூடம்:
நேரத்தைப் பற்றி. கடை காலை 10 மணிக்குத் திறக்கும். டிசம்பரில் பாரிஸில் மாலை 5 மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும், 3 மணிக்கே கூரையில் வெளிச்சம் மங்கத் தொடங்கும். ஆகவே 10-இலிருந்து 1 வரை. இன்னொன்று: கூரையில் இப்போது இருப்பது மின்நிறமாற்றக் கண்ணாடி, வெயில் ஏறினால் நிறம் கருக்கும். சுள்ளென்ற வெயில் நாளைவிட வெண்மேகம் மூடிய நாளில் உள்ளே வெளிச்சம் சீராகப் பரவும், ஓவியத்தின் மஞ்சள் சரியான மஞ்சளாக விழும். போனில் எடுப்பவர்கள் கூரையைத் தொட்டு ஒளியளவைக் குறைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் கண்ணாடி வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும்.

நடையாளி:
மொட்டை மாடி: அந்தக் கையேட்டை மூடி வையுங்கள். தீ பாதுகாப்புக் காரணத்தால் 2005-இல் கடையை மூடினார்கள். 2021 ஜூன் 23 அன்றுதான் மறுபடி திறந்தது. இலவசக் காட்சிமாடம் திரும்ப வரவில்லை. ஊரைப் பார்க்க வேண்டுமானால் கேலரி லாஃபாயெத் என்ற இன்னொரு பெரிய அங்காடியின் மொட்டை மாடி இருக்கிறது, கட்டணம் இல்லை. சமரிட்டேன் அருகே போன் நெஃப் மெட்ரோ நிலையத்தில் 7-ஆம் தடம் ஏறினால் நாலாவது நிறுத்தம், ஷோசே தாந்தேன் – லா ஃபாயெத். 1912-இன் 43 மீட்டர் உயரக் குவிமாடத்தையும் பார்த்த மாதிரி ஆகும்.

ஆனால் போன் நெஃப் நிலையத்தில் லிஃப்ட் இல்லை. முழங்கால் வலியோடு வருபவருக்குப் பேருந்துதான் சரி. ஷாத்லே நிலையத்தில் இறங்கி நடக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அது நிலையமே இல்லை, சுரங்கப் புதிர்.

தெற்கு_ஜன்னல்:
நன்றி. ஒருவேளை ஏதாவது வாங்கினால் வரி திரும்பப் பெறுவது எப்படி? திரும்பும் விமானம் ஆம்ஸ்டர்டாம் வழி.

பயணப்பை:
ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர், வயது 16 நிரம்பியவர், 6 மாதத்துக்குக் குறைவாகத் தங்குபவர் என்றால் தகுதி உண்டு. ஒரே கடையில் மூன்று நாளுக்குள் 100 யூரோவுக்கு மேல் வாங்கியிருக்க வேண்டும். 175 யூரோ என்பது 2021-க்கு முந்தைய கணக்கு. பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். பணம் கட்டும்போதே டெடாக்ஸ் எனப்படும் வரித் திருப்பப் படிவம் கேளுங்கள். உள்ளே தனியாக பில் போடும் பிராண்ட் இருந்தால் அந்தத் தொகை மொத்தத்தோடு சேருமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

வரி 20 சதவீதம் என்றவுடன் ஐந்தில் ஒரு பங்கு வரும் என்று கணக்குப் போட வேண்டாம். விலைக்குள்ளேயே வரி சேர்ந்திருப்பதால் 600 யூரோ பில்லில் வரி 100 யூரோதான். அதிலும் இடைத்தரகு நிறுவனத்தின் கமிஷன் போகும். பில் தொகையில் 12 சதவீதத்தை ஒட்டிக் கையில் வரும்.

பிரான்சிலிருந்து நேரடியாக ஒன்றியத்தை விட்டு வெளியேறுபவர் விமான நிலையத்தில் பாப்லோ என்ற சுங்கத் தானியங்கி இயந்திரத்தில் படிவத்தின் பார்கோடைக் காட்டினால் போதும். உங்கள் விஷயம் வேறு. நீங்கள் ஒன்றியத்தை விட்டு வெளியேறுவது ஆம்ஸ்டர்டாமில், ஆகவே சுங்க முத்திரையும் அங்கேதான். வாங்கியதைக் கைப்பையில் வையுங்கள். பெட்டியில் போட்டு பாரிஸிலேயே கடைசி ஊர் வரை அனுப்பிவிட்டால், ஆம்ஸ்டர்டாம் அதிகாரி பொருளைக் காட்டச் சொல்லும்போது காட்ட ஒன்றும் இருக்காது. வாங்கிய மாதத்துக்கு அடுத்த மூன்றாவது மாதக் கடைசிக்குள் முத்திரை விழ வேண்டும்.

இரும்புச்சாரம்:
விட்டுப்போனது ஒன்று. சானாவின் கண்ணாடி முகப்பை உள்ளிருந்து பார்ப்பதைவிட ரிவோலி தெருவின் எதிர்ச் சாரியில் நின்று பாருங்கள். எதிரே உள்ள பழைய கல் வீடுகள் அதில் நெளிந்து விழும். அந்த முகப்புக்காக வழக்கே நடந்தது. கட்டட அனுமதியை 2014-இல் நீதிமன்றம் ரத்துசெய்ய, 2015 ஜூனில் அரசின் உச்ச நிர்வாக மன்றம் திரும்பக் கொடுத்தது. பழைய தெருவோடு அது ஒட்டவில்லை என்று எதிர்த்தவர்கள் சொன்னதிலும் நியாயம் இல்லாமலில்லை. அங்கே நின்று பார்த்து நீங்களே முடிவுசெய்யுங்கள்.