ரேடார் திரையில் இடம் மாறும் புள்ளி: காரணம் என்ன?

கேள்வி:
துடிப்பு ரேடார் (ரேடியோ அலையை விட்டுவிட்டு அனுப்பி, எதிரொலி வரும் நேரத்தை வைத்துத் தூரம் காட்டும் கருவி). துடிப்பின் அகலம் 1 மைக்ரோ விநாடி, விநாடிக்கு 1000 துடிப்புகள். 20 கி.மீ. தூரத்தில் ஒரு புள்ளி தெரிகிறது. துடிப்புகளை 1100 ஆக்கினால் அது 34 கி.மீ.க்குத் தாவிவிடுகிறது. மற்ற புள்ளிகள் அசையவில்லை. கருவியில் கோளாறா?

பதில் 1:
கோளாறு இல்லை. ரேடியோ அலை போய்த் திரும்ப ஒவ்வொரு 150 மீட்டருக்கும் 1 மைக்ரோ விநாடி ஆகும். விநாடிக்கு 1000 துடிப்பு என்றால் இடைவெளி 1000 மைக்ரோ விநாடி, அதாவது 150 கி.மீ. அதற்கு அப்பாலிருந்து வரும் எதிரொலி, அடுத்த துடிப்பு கிளம்பிய பிறகே வந்து சேரும். கருவி அதைப் புதிய துடிப்பின் எதிரொலி என்றே கணக்கிடும். 1100 துடிப்பில் எல்லை சுமார் 136 கி.மீ. உங்கள் புள்ளி நகர்ந்த 14 கி.மீ., அந்த இரு எல்லைகளின் வித்தியாசம்தான். ஆகவே ஒரே ஒரு சுற்று தாண்டியிருக்கிறது. பொருள் இருப்பது 170 கி.மீ.யில்.

பதில் 2:
அந்த எல்லையைக் கூட்டுவதற்காகத் துடிப்பு எண்ணிக்கையை ஒரேயடியாகக் குறைத்துவிடாதீர்கள். 3 செ.மீ. அலைநீளத்தில் 1000 துடிப்புக்கு, ரேடாரை நோக்கி விநாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் வரும் பொருளின் டாப்ளர் மாற்றம் (நகர்வால் எதிரொலியின் அதிர்வெண்ணில் வரும் மாற்றம்) சரியாக 1000 ஹெர்ட்ஸ். அது துடிப்பு எண்ணிக்கைக்குச் சமம் என்பதால், பொருள் அசையாதது போலவே கருவிக்குத் தெரியும். அசையாப் பொருள்களை நீக்கும் வடிகட்டி அதையும் சேர்த்து அழித்துவிடும். 500 ஆக்கினால் விநாடிக்கு 7.5 மீட்டரிலேயே இந்தக் குருட்டு வேகம் வந்துவிடும். இரண்டு மூன்று எண்ணிக்கைகளை மாற்றி மாற்றி அனுப்புவதே நல்ல வழி.

பதில் 3:
இன்னொன்று: 1 மைக்ரோ விநாடித் துடிப்பில், ஒரே திசையில் 150 மீட்டருக்குள் இருக்கும் இரு பொருள்கள் ஒன்றாகவே தெரியும்.