விலங்கு நடத்தையியலுக்கு ஒரு பேராசிரியர்: எதைப் பார்த்துத் தெரிவு செய்வது?

கேள்வி: வெள்ளவத்தை விரிவுரையாளர்

கொழும்பில் பட்டப்படிப்பு நடத்தும் ஒரு தனியார் உயர்கல்வி நிறுவனத்தின் உயிரியல் துறையில் பணியாற்றுகிறேன். அடுத்த கல்வியாண்டில் விலங்கு நடத்தையியலுக்கென ஒரு பேராசிரியரை நியமிக்க நிர்வாகம் ஒப்புதல் தந்திருக்கிறது. விளம்பரத்தை எழுதுவதும் நேர்முகத் தெரிவை ஒழுங்கு செய்வதும் என்னிடமும் இன்னொரு விரிவுரையாளரிடமும் ஒப்படைக்கப்பட்டுள்ளன.

எங்கள் துறையில் மூலக்கூற்று உயிரியலும் நுண்ணுயிரியலும் படித்தவர்களே பெரும்பான்மை. குறிப்பேட்டுடன் ஒரு விலங்கின் முன் மணிக்கணக்காக அமர்ந்து பழகியவர் எவரும் இல்லை. ஆகவே, வரும் விண்ணப்பங்களில் எது தரமானது என்று மதிப்பிடுவதில் எங்களுக்குத் தயக்கம் இருக்கிறது. நிர்வாகமோ வெளியான கட்டுரைகளின் எண்ணிக்கையையும் பெயரின் கனத்தையும் பார்க்கிறது. அரச பல்கலைக்கழகத்தில் 65 வயதில் ஓய்வுபெற்ற பேராசிரியர்கள் ஒருபுறமும், வெளிநாட்டில் கலாநிதிப் பட்டம் பெற்றுத் திரும்பிவர விரும்பும் இளையவர்கள் மறுபுறமும் விண்ணப்பிப்பார்கள் என எதிர்பார்க்கிறோம். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் பேருதவியாக இருக்கும்.

பதில்: ஓய்வுபெற்ற விலங்கியலாளர், தெஹிவளை

கட்டுரைகளின் எண்ணிக்கை மட்டும் அளவுகோலானால் இந்தத் துறையின் நல்ல ஆய்வாளர்கள் கைநழுவிப் போவார்கள். ஆய்வுகூடத்தில் பிழைத்துப்போன பரிசோதனையை அடுத்த வாரமே திரும்பச் செய்யலாம். களத்தில் ஓர் இனப்பெருக்கப் பருவம் தவறினால் அடுத்த பருவம் வரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். பொலன்னறுவையில் செங்குரங்குகளைப் பற்றி விலங்கு நடத்தை ஆய்வாளர் வொல்ப்காங் டிட்டஸ் 1968இல் தொடங்கிய ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு குரங்கையும் முகம் பார்த்து அடையாளங்கண்டு, தாய், மகள், பேத்தி என்று வழிவழியாகப் பின்தொடர்ந்ததால்தான், கூட்டத்தில் ஒரு குரங்குக்குள்ள தரநிலை அதன் உயிர்பிழைப்பை எவ்வாறு பாதிக்கிறது என்ற கேள்வியைக் கேட்கவே முடிந்தது. இரண்டு வருட மானியத்துக்குள் அடங்கும் வேலையன்று அது. ஆகவே எத்தனை கட்டுரைகள் என்பதைவிட, ஒரே விலங்குக் கூட்டத்தை எவ்வளவு காலம் தொடர்ந்து நோக்கினார், அந்தத் தரவுகளை இன்னொருவர் எடுத்துப் பயன்படுத்தும் ஒழுங்கில் வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள்.

யானை, சிறுத்தை என்ற பெயர்களைக் கேட்டதும் தெரிவுக் குழு மயங்கிவிடவும் கூடாது. யானையைப் பற்றிச் சாதாரணமான கேள்வி கேட்பவரும் உண்டு, எறும்பைப் பற்றி ஆழமான கேள்வி கேட்பவரும் உண்டு.

நேர்முகத் தெரிவின் ஒரு காலைப்பொழுதை அறைக்கு வெளியே வையுங்கள் என்பதே என் முதன்மையான ஆலோசனை. ஈரநிலங்களைப் பாதுகாப்பதற்கான சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் கீழ், கொழும்பு 2018இல் ஈரநில நகரமாக அங்கீகரிக்கப்பட்டது. அந்த ஈரநிலங்கள் உங்கள் வாசலிலேயே இருக்கின்றன. பூங்கா நிர்வாகத்திடம் முன்கூட்டியே பேசிவிட்டு, விண்ணப்பதாரரை இரண்டு மூன்று மாணவர்களுடன் பெத்தகான ஈரநிலப் பூங்காவுக்கு அனுப்புங்கள். அங்கே நீலத் தாழைக்கோழியைக் காணலாம். புல்லின் தண்டை ஒரு காலால் தூக்கிப் பிடித்துக் கிழித்துத் தின்னும். இடையிடையே வாலைச் சுண்டும்போது வாலின் அடிப்பகுதி வெள்ளையாகப் பளிச்சிடும். அந்த வால்சுண்டலை வைத்து ஒரு மணிநேரம் கற்பிக்கச் சொல்லுங்கள்.

"பயத்தில் அப்படிச் செய்கிறது" என்று முடித்துவிடுபவரிடமிருந்து மாணவர்கள் அதிகம் பெறப்போவதில்லை. நாம் நெருங்கும்போது சுண்டல் கூடுகிறதா, தனியே இருக்கும்போதும் சுண்டுகிறதா, வெண்மை துணைப் பறவையின் பக்கம் திரும்பியிருக்கிறதா அல்லது நம் பக்கமா, குஞ்சுகள் எந்த வயதில் இதைத் தொடங்குகின்றன, இதே குடும்பத்துப் பிற பறவைகளும் செய்கின்றனவா என்று மாணவர்களையே கேட்கவைப்பவர்தான் உங்களுக்கு வேண்டியவர். நடத்தையின் உடனடிக் காரணம், அது தனியுயிரில் வளரும் விதம், உயிர்வாழ்வில் அதன் பயன், பரிணாமத்தில் அது வந்த வழி என்று நடத்தையியல் முன்னோடி நிகோ டின்பெர்கன் 1963இல் வகுத்த நான்கு கேள்விகளும் இதில் அடங்கிவிடுகின்றன. "உன்னைக் கண்டுவிட்டேன், துரத்திப் பயனில்லை" என்று வேட்டை விலங்குக்கு விடுக்கும் அறிவிப்பாக இந்த வால்சுண்டல் இருக்கலாம் என்ற விளக்கமும் உண்டு. அதைச் சொல்லத் தெரிந்தவரைவிட, அதை எப்படிச் சோதிப்பது என்று சொல்லத் தெரிந்தவரை நான் மேலாகக் கருதுவேன்.

பதில்: விரிவுரையாளர், வந்தாறுமூலை

ஐயா சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். அத்துடன் அளவிடும் ஒழுக்கத்தையும் சோதிக்க வேண்டும். கண்ணில் பட்டதை எல்லாம் எழுதினால் சண்டையும் சத்தமும்தான் குறிப்பேட்டை நிரப்பும். அமைதியாக இருக்கும் விலங்கு பதிவிலேயே வராது. ஒரு தனி விலங்கைக் குறித்த நேரத்துக்குப் பின்தொடர்வதா, குறித்த இடைவெளியில் கூட்டம் முழுவதையும் ஒருமுறை பார்த்துப் பதிவதா என்ற தெரிவுகளை நடத்தை ஆய்வாளர் ஜீன் ஆல்ட்மன் 1974இல் தெளிவாக வகைப்படுத்தி எழுதினார். இதை அறியாத விண்ணப்பதாரர் இருக்க மாட்டார். ஆனால் இரண்டு மாணவர்கள் ஒரே காணொளியைப் பார்த்து வெவ்வேறு விதமாகப் பதிந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். நடத்தை வரையறைகளைத் திருத்தி, மீண்டும் பயிற்சி கொடுத்து, இருவரின் பதிவுகளும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று கணித்துக் காட்டியபின்பே களத்துக்கு அனுப்புவேன் என்று சொல்பவரை நம்பலாம்.

நிறுவனம் தன் பக்கத்தில் செய்யவேண்டியதையும் மறந்துவிடாதீர்கள். தேசிய பூங்காக்களில் ஆய்வு செய்ய வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி தேவை. அதற்கான விண்ணப்பத்துக்கும் காத்திருப்புக்கும் காலம் பிடிக்கும். விலங்காய்வுக்கான நெறிமுறைக் குழு உங்களிடம் இருக்கிறதா? இல்லையெனில், நியமனத்துக்கு முன்பே அமைத்துவிடுங்கள். தொலைநோக்கியும் ஒலிப்பதிவுக் கருவியும் வாங்குவது பெரிய செலவன்று. வாகனமும் நேரமும்தான் பெரிய செலவு. திங்கள் முதல் வெள்ளி வரை காலை எட்டு மணிக்கு விரிவுரை வைத்துவிட்டு, விடியற்காலையில் சுறுசுறுப்பாக இருக்கும் பறவைகளை ஆய்வு செய்யுமாறு ஒருவரிடம் கேட்பது நியாயமாகாது. வாரத்தில் இரண்டு காலைப்பொழுதுகளையாவது ஒதுக்கி, அதை நியமனக் கடிதத்திலேயே எழுதிக் கொடுங்கள்.

பதில்: வெளிநாட்டில் உள்ள ஆய்வு மாணவி, சொந்த இடம் கொட்டாஞ்சேனை

திரும்பிவர விரும்புபவர்களில் நானும் ஒருத்தி என்பதால் எழுதுகிறேன். விளம்பரத்தில் பேராசிரியர் என்று மட்டும் போட்டால், கலாநிதிப் பட்டம் பெற்றுச் சில வருடங்களே ஆன எவரும் விண்ணப்பிக்க மாட்டார். சிரேஷ்ட விரிவுரையாளர் முதல் பேராசிரியர் வரை, தகைமைக்கேற்ப என்று எழுதினால் இரு தரப்பினரும் வருவார்கள். எங்களுக்குச் சம்பளத்தைவிட ஒப்பந்தக் காலமே பெரிய கவலை. ஒரு வருட ஒப்பந்தத்தை நம்பி நீண்டகால ஆய்வு எதையும் தொடங்க முடியாது. குறைந்தது ஐந்து வருடங்களாவது உறுதி தேவை.

ஓய்வுபெற்ற பேராசிரியர்களின் அறிவையும் இழக்க வேண்டியதில்லை. அவர்களில் ஒருவரை வருகைதரு பேராசிரியராக அழைத்து, இளையவருக்குத் துணையாக வைக்கலாம் என்பது என் தாழ்மையான கருத்து.

கேள்வி கேட்டவர்: வெள்ளவத்தை விரிவுரையாளர்

மூவருக்கும் நன்றி. பதவிநிலையைத் திறந்துவைக்கும் யோசனையை நிர்வாகத்திடம் கொண்டுபோகிறேன். இன்னும் ஒரு சந்தேகம். தேசிய பூங்காக்களுக்கு மாணவர்களை வாரந்தோறும் அனுப்ப எங்களால் இயலாது. நகரத்துக்குள்ளேயே தரமான ஆய்வு செய்யக்கூடியவரா என்பதை விண்ணப்பத்திலிருந்தே அறிய வழி உண்டா?

பதில்: ஓய்வுபெற்ற விலங்கியலாளர், தெஹிவளை

உண்டு. கொழும்பிலிருந்து ஒரு மணிநேரப் பயணத்துக்குள், இளமாணி மாணவர்களைக் கொண்டு மூன்று வருடங்கள் செய்யக்கூடிய ஆய்வொன்றை இரண்டு பக்கங்களில் எழுதித் தருமாறு விளம்பரத்திலேயே கேளுங்கள். தெருவோர மரங்களில் ஊர்க்காகம் கூடு கட்டுகிறது, அதில் குயில் முட்டையிடுகிறது. குயிலின் குஞ்சு பெரும்பாலும் காகக் குஞ்சுகளுக்கு முன்பே பொரித்துவிடுவதால் உணவூட்டலில் முந்திக்கொள்கிறது. எத்தனை கூடுகளில் குயில் முட்டை இருக்கிறது, மரக்கிளைகளை வெட்டும் பகுதிகளில் அது மாறுகிறதா, காகம் எந்தக் குஞ்சுக்கு அதிகம் ஊட்டுகிறது என்பன போன்றவற்றுக்கு ஏணியும் கண்ணாடி கட்டிய நீண்ட கம்பும் பொறுமையும் போதும். பெல்லன்வில–அத்திடிய சரணாலயத்து நீர்ப்பறவைகளையோ, புறநகர்த் தோட்டங்களுக்கு வரும் ஊதாமுக மந்திகளையோ வைத்தும் எழுதலாம்.

அந்த இரண்டு பக்கங்களில் விலங்கின் பெயர் எந்த வரியில் வருகிறது, கேள்வி எந்த வரியில் வருகிறது என்று பாருங்கள். மாதிரிகளின் எண்ணிக்கையை எப்படி முடிவு செய்தார் என்பதையும், முதல் வருடம் மழையில் கெட்டுப்போனால் என்ன செய்வார் என்பதையும் நேர்முகத்தில் கேளுங்கள். பரிந்துரைக் கடிதம் எழுதுபவர்களிடமும் பொதுவான பாராட்டைக் கேட்காமல், இவரிடம் பயின்ற மாணவர்கள் தாமாகவே ஒரு கள ஆய்வை வடிவமைத்து முடித்திருக்கிறார்களா என்று குறிப்பாக எழுதிக் கேளுங்கள். முடிந்தால் அந்த மாணவர்களில் இருவருடன் நேரடியாகப் பேசுங்கள்.