அப்டேட்: பேட்டை மரப்பட்டறைல டஸ்ட் கலெக்டர் மாட்டியாச்சு

மரத்தூள் புடிக்க டஸ்ட் கலெக்டர உள்ள வைக்கவா வெளிய வைக்கவான்னு முன்னாடி கேட்டிருந்தேம்லா, வெளிய வைங்கன்னு சொன்ன அண்ணாச்சிமாருக்கு ரொம்ப நன்றி, பின்பக்கம் வெளியதான் வச்சிருக்கு, வெடிப்பு வென்ட்ட (உள்ள தூள் வெடிச்சா அழுத்தம் வெளிய போக விட்டிருக்க வழி) ஆள் நடமாட்டம் இல்லாத பக்கமா திருப்பியாச்சு.

த்ரீ பேஸ் மோட்டார்னா கனெக்‌ஷன் குடுத்ததும் ஃபேன் சுத்துத திசைய கண்டிப்பா பாருங்க, பேஸ் மாறிக் கெடந்தா திருப்பிச் சுத்தும், அப்பவும் காத்து இழுக்கத்தான் செய்யும் ஆனா ரொம்ப கம்மியா, அதனால யாருக்கும் சந்தேகமே வராது. டக்ட்டுக்குள்ள (தூள இழுத்துட்டு வார குழாய்) காத்து செகண்டுக்கு 20 மீட்டர் வாக்குல ஓடணும், கொறஞ்சா தூள் அடியில படிஞ்சிரும். பிவிசி வேண்டாம்னு ஜிஐ (துத்தநாகம் பூசுன இரும்பு) டக்ட்தான் போட்டோம், தூள் ஓடுத ஓட்டத்துல ஸ்டேட்டிக் கரண்ட் ஏறும்லா, ஜாயின்டுல ரப்பர் கேஸ்கட் இருக்கதால அதத் தாண்டி செம்பு வயர் போட்டு எல்லாத்தையும் எர்த்தோட சேத்திருக்கு.

இரும்பு தீட்டுத பையன் கிரைண்டர் ஹோஸ் பைப்ப இதுல சொருகப் பாத்தான், ஒரு பொறி போதும்ல, ஃபில்டர் பை பத்திக்கிடும்னு தடுத்துட்டேன்.

பை மாத்தணும்னா மெயின ஆஃப் பண்ணி பூட்டு போட்டு சாவிய சட்டைப் பையில வச்சிக்கிட்டுதான் கதவத் தொறக்கணும். மரத்தூள் புத்துநோய் உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட புத்துநோய் ஆராய்ச்சி அமைப்பு ஐஏஆர்சி 1995லயே சொல்லியாச்சு, அதனால தூளக் கொட்டும்போதும் மாஸ்க் போடச் சொல்லியிருக்கேன். புது ஃபில்டர்ல பிரஷர் கேஜ் காட்டுனத சுவர்லயே எழுதி வச்சாச்சு, அது ஏறுனா ஃபில்டர் அடைக்குதுன்னு அர்த்தம், ஏற ஆரம்பிச்சா வந்து சொல்லுதேன்.