16 இஞ்சா 18 இஞ்சா, எந்த கேமிங் லேப்டாப் எடுக்கலாம்? (மன்னார்குடி பக்கம்)

மன்னை தம்பி:
வணக்கம் அண்ணன்களே. தஞ்சாவூர்ல இன்ஜினியரிங் மூணாவது வருஷம் படிக்கிறேன், ஹாஸ்டல்தான், சனிக்கிழமை ஆனா பஸ் ஏறி ஊருக்கு வந்துருவேன். சம்பா நெல்லு போட்ட காசுல அப்பா லேப்டாப்புக்குன்னு தனியா எடுத்து வச்சிருக்காரு, ஒரு தடவ தப்பா வாங்கிட்டா மறுபடி போய் கேக்க மனசு வராது, அதான் இவ்ளோ யோசிக்கிறேன். கேம் மட்டும் இல்ல, ப்ளெண்டர்லயும் (3டி படம் செய்யுற சாஃப்ட்வேர்) வேலை பாக்குறேன்.

ரெண்டுல வந்து நிக்குது. ஒன்னு லெனோவோ லீஜியன் ப்ரோ 5ஐ, 16 இஞ்ச் ஓஎல்இடி ஸ்க்ரீன், கிராஃபிக்ஸ் கார்டு ஆர்டிஎக்ஸ் 5070 டிஐ. இன்னொன்னு ஏசர் ப்ரிடேட்டர் ஹீலியோஸ் நியோ 18, அதுல 5070. எனக்கு சொன்ன விலைல 18 கொஞ்சம் கம்மி. அந்த பெரிய ஸ்க்ரீனும் கடையில பாத்ததுலேந்து கண்ணுலயே நிக்குது. எங்க ஊர்ல மழைக்காலம் வந்தா கரண்டு எப்ப போகும்னே தெரியாது, வீட்ல ஒரு பழைய இன்வெர்ட்டர் இருக்கு. எத எடுக்கலாம்?

வெண்ணாத்தங்கரை:
தம்பி, ஸ்க்ரீன் சைஸ கொஞ்சம் ஓரமா வச்சிட்டு கார்ட பாருங்க. லேப்டாப்ல வர்ற 5070-க்கு விராம், அதாவது கார்டோட சொந்த மெமரி, 8 ஜிபிதான், 5070 டிஐக்கு 12 ஜிபி. குடா கோர், அதாவது கார்டுக்குள்ள கணக்கு போடுற யூனிட்டு, 5070-ல 4608, டிஐல 5888. டெஸ்க்டாப் 5070-ல 12 ஜிபி இருக்கேன்னு நெனச்சு லேப்டாப்லயும் அப்டித்தான் இருக்கும்னு நெறைய பேர் ஏமாந்துடுறாங்க, பேரு ஒன்னு, சிப்பு வேற. ரெண்டு ஸ்க்ரீனுமே 2560க்கு 1600, அதாவது சுமார் 41 லட்சம் பிக்சல், ஃபுல் எச்டிய போல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. ப்ளெண்டர்ல பெரிய சீன் போட்டு 4கே டெக்ஸ்சர (பொருள் மேல ஒட்டுற படம்) நெறைய ஏத்துனா 8 ஜிபி நெறைஞ்சிரும், அப்புறம் ரெண்டர், அதாவது சீன கடைசி படமா மாத்துறது, இழுக்கும் இல்லன்னா பாதில நின்னுரும். ரேம், எஸ்எஸ்டி பின்னாடி ஏத்திக்கலாம், விராம ஏத்தவே முடியாது. அதனால 12 ஜிபி. அதுலயும் கார்டுக்கு எத்தன வாட் விட்டுருக்கான்னு கேட்டு வாங்குங்க, ஒரே 5070 டிஐய ஒரு மாடல்ல 140 வாட் வரைக்கும் விடுவான், மெலிசான மாடல்ல ரொம்ப கம்மியா கட்டி வச்சிருப்பான்.

ஓஎல்இடில ஒன்னே ஒன்னு, ப்ளெண்டர் டூல்பார் மணிக்கணக்கா அசையாம நிக்கும், நாளாக நாளாக அதோட தடம் ஸ்க்ரீன்ல பதிஞ்சிரலாம், அதனால ப்ரைட்னஸ கொறச்சு வச்சிக்கோங்க.

திருவையாறு வயரிங்:
நான் இன்வெர்ட்டர் வேலைதான் பாக்குறேன் தம்பி, யாரும் கரண்டு பத்தி சொல்லலையேன்னு எழுதுறேன். இந்த மாதிரி லேப்டாப் பேட்டரில ஓடுறப்ப முழு பவர் எடுக்காது, கேம் ஆடணும்னா அடாப்டர் சொருகியே இருக்கணும், லோடு ஏறுனா 250, 300 வாட் இழுக்கும். பழைய இன்வெர்ட்டர்னா பெரும்பாலும் ஸ்கொயர் வேவ், அதாவது கரண்டு கட்டம் கட்டமா வரும். அதுல இந்த அடாப்டர போட்டா உள்ளேந்து ஙொய்ங்னு ஒரு சத்தம் வரும், தொட்டா கை வைக்க முடியாத சூடு இருக்கும், அது நல்லதுக்கு இல்ல. ஈபி கரண்டு மாதிரியே சீரா வர்ற ப்யூர் சைன் வேவ்தான் வேணும். 150 ஏஎச் பேட்டரி நல்லா இருந்தா கேம் லோடுல மூணு நாலு மணி நேரம் வரும், ஆனா அதுலயே வீட்டு ஃபேனும் ஓடணும்ங்கறத மறந்துடாதீங்க. கஜா புயல் அடிச்ச 2018 நவம்பர்ல நம்ம பக்கம் எத்தன நாள் இருட்டுல கெடந்தோம்னு உங்க வீட்லயே சொல்லுவாங்க. டைப் சி-ல சார்ஜ் ஏறுற மாடலா பாருங்க, படிக்கிற வேலைக்கு சின்ன சார்ஜரே போதும்.

அப்புறம் எர்த். லேப்டாப் ஓரத்துல கை வச்சா சுரு சுருன்னு இருந்தா எர்த் சரியில்லன்னு அர்த்தம். சித்திரை வைகாசில எர்த் குழி காஞ்சு போயிரும், ரெண்டு கொடம் தண்ணி ஊத்தி பாருங்க, அப்பவும் இருந்தா ஆள கூப்டுங்க.

நாகை காத்து:
நான் நாலு வருஷமா 17 இஞ்ச் ஒன்னு வச்சிருக்கேன், கம்பெனி பேரு வேணாம். தூக்கிட்டு அலைஞ்சதுல ரெண்டாவது வருஷமே கீல் விட்டுருச்சு, சர்வீஸ்ல பாகம் வரணும்னு சொல்லி ஒன்றரை மாசம் வச்சிருந்தாங்க, ப்ராஜெக்ட் நேரத்துல நான் பட்ட பாடு சொல்லி மாளாது. அதனால வீட்டுக்கே வந்து பாக்குற வாரண்டி உங்க பின்கோடுக்கு உண்டான்னு எழுத்துல வாங்கிக்கோங்க.

தூசி பத்தியும் சொல்லணும். எங்க தெரு முனையில கொள்முதல் நிலையம், தை மாசி ஆனா லாரி லாரியா நெல்லு ஏறும், சொணை பறந்து வீடெல்லாம் படியும். போன மாசி கடைசில அடி மூடிய கழட்டுனேன், சூட்ட வெளிய தள்ளுற ஹீட்சிங்க் தகடு மேல சாம்பல் கலர்ல கம்பளி போர்த்துன மாதிரி ஒரு படலம், அத அப்டியே உரிச்சு எடுத்தேன், ஒரே ஆட்டத்துல 95 டிகிரி காட்டுனது 83க்கு எறங்கிருச்சு. ப்ளோயர் அடிக்கிறப்ப ஃபேன் சுத்தாம ஒரு ஈர்க்குச்சிய நடுவுல வச்சு புடிச்சிக்கோங்க, வேகமா சுத்த விட்டா பேரிங் போயிரும்.

வெயிட்டுக்கு ஒரு வழி சொல்றேன். 18 இஞ்ச் மட்டும் மூணு கிலோவுக்கு மேல, அடாப்டரோட நாலு கிலோ தாண்டும். வாங்குறதுக்கு முன்னாடி நாலு கிலோ அரிசிய பேக்ல போட்டு ஒரு வாரம் பஸ்ல போய்ட்டு வாங்க.

மன்னை தம்பி:
அண்ணா, நேத்து நெசமாவே அரிசிய போட்டு எடுத்துட்டு வந்தேன். பஸ்ல எடம் இல்ல, மன்னார்குடிலேந்து வடுவூர் வரைக்கும் நின்னேன், தோள்பட்ட ரெண்டும் செவந்து போச்சு, அதுக்கு மேல புக்கு வேற. 18 ஆசைய விட்டுட்டேன். லீஜியன் 5070 டிஐ தான், ஹாஸ்டல்ல பின்னாடி ஒரு மானிட்டர் வாங்கி மாட்டிக்கிறேன். இன்வெர்ட்டர் பின்னாடி பாத்தேன், சைன் வேவ்னு எங்கயும் போடல. திருவையாறு அண்ணே, 900 விஏ சைன் வேவ் புதுசா எடுத்தா இருக்குற பேட்டரியவே வச்சிக்கலாமா? அதுக்கு அஞ்சு வயசு ஆச்சு.

திருவையாறு வயரிங்:
அஞ்சு வருஷம்னா மொதல்ல தண்ணி லெவல பாருங்க, அப்புறம் நாலு ஃபேன் போட்டு எவ்ளோ நேரம் நிக்குதுன்னு ஒரு ராத்திரி பாருங்க. ஒரு மணி நேரத்துல படுத்துட்டா பேட்டரியும் மாத்தணும். பாத்துட்டு சொல்லுங்க.