1964-இல் ஊரை விட்டவர்கள்: ‘எ டச் ஆஃப் ஸ்பைஸ்’

கேள்வி (கீழக்கரை):
2003-இல் வெளிவந்த இக்கிரேக்கப் படத்தில், இஸ்தான்புல்லில் மசாலாக் கடை நடத்தும் தாத்தாவையும் சிறுவயதுத் தோழி சாய்மேயையும் பிரிந்து, ஃபானிஸ் 1964-இல் பெற்றோருடன் கிரீஸுக்குச் செல்ல நேரிடுகிறது. தாத்தா மட்டும் எவ்வாறு அங்கேயே தங்க முடிந்தது?

பதில் (மண்டபம்):
காக்கா (அண்ணா), தாத்தா துருக்கிக் குடிமகன். சைப்ரஸ் தீவை முன்னிட்டுக் கிரீஸுடனான பிணக்கு முற்றிய அவ்வாண்டில், துருக்கி அரசு வெளியேற்றியது ஃபானிஸின் தந்தையைப் போலக் கிரேக்கக் குடியுரிமை பெற்றிருந்தோரை. அவர்களது குடும்பங்களும் உடன் சென்றன. அதே ஆண்டு அக்டோபரில் இலங்கையின் இந்திய வம்சாவளித் தமிழர் குறித்து இந்தியாவும் இலங்கையும் கையெழுத்திட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி, இலங்கையின் தலைமன்னாரிலிருந்து கப்பலேறி வந்து இங்குள்ள முகாமில் தங்கியோரின் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, ஃபானிஸ் தாத்தாவிடம் விடைபெறும் இரயில் நிலையக் காட்சி அயல்நாட்டுச் சங்கதியாகவே தோன்றாது.

பதில் (தொண்டி):
காதல் பகுதி எனக்குச் சற்று மெலிவாகவே பட்டது. சமையல்தான் படத்தைத் தாங்குகிறது. கறி உருண்டையில் சீரகத்துக்குப் பதிலாகப் பட்டை சேர்த்தால், உண்போர் ஒருவரையொருவர் முகம் பார்ப்பார்கள் என்கிறார் தாத்தா. (எங்கள் வீட்டுக் கோளா உருண்டையில் இரண்டுமே உண்டு, சண்டைக்கும் குறைவில்லை.)

கேள்வி கேட்டவர்:
நன்றி. தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சட்டியில் ஒட்டாமல் திரளும்வரை தொதல் கிண்டும் எங்கள் பெரியம்மாவுக்கு இப்படத்தைக் காட்டவிருக்கிறேன். தமிழ் வசன வரிகள் கிடைக்குமிடம் தெரிந்தால் தெரிவியுங்கள்.