கோட்டையூருக்குத் தீயணைப்பு வண்டி எங்கிருந்து வரும்?

காரைக்குடி, கோட்டையூர், பள்ளத்தூர் பக்கம் இருப்பவர்கள் கொஞ்சம் உதவுங்கள்.

போன வாரம் எங்கள் வீட்டின் பின்பகுதியான மூன்றாங்கட்டில் அடுக்கியிருந்த விறகில் தீ பிடித்துவிட்டது. பக்கத்து வீட்டு அண்ணன்கள் ஓடிவந்து, கிணற்றிலிருந்து வாளி வாளியாக இறைத்து ஊற்றி அணைத்தார்கள். மேலே உத்தரம் ஒரு சாண் கருகிவிட்டது. பர்மா தேக்கு. தொட்டால் இன்னும் விரலில் கரி ஒட்டுகிறது. அப்பத்தா பகலில் அதற்குக் கீழேதான் படுத்திருப்பார். அதை நினைத்தால் எனக்குத் தூக்கமே வருவதில்லை.

அந்தப் பதற்றத்தில் யாருக்குமே 101 நினைவுக்கு வரவில்லை. 112க்கு அடித்தாலும் வண்டி வரும் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

சரி, கேட்க வேண்டியது இதுதான். காரைக்குடி 2024இல் மாநகராட்சி ஆகிவிட்டது, வீடுகளும் பெருகிக்கொண்டே போகின்றன. நம் பக்கத்துக்கு எந்த நிலையத்திலிருந்து வண்டி வருகிறது? கூப்பிட்டவர்கள் இருந்தால், எவ்வளவு நேரத்தில் வந்தது என்று சொல்லுங்கள்.

எங்கள் வீட்டுக்கு முன்வாசல் ஒரு தெரு, பின்வாசல் அடுத்த தெரு. பின்தெருவில் கார் திரும்பவே இடமில்லை. தீ பிடிப்பதோ பின்கட்டில்தான். நிலையத்தில் எழுதிக் கொடுத்தால் முன்கூட்டியே வந்து வழியைப் பார்ப்பார்களா? ஊருணியிலிருந்து தண்ணீர் எடுக்க முடியுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எங்கள் தெருவில் வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீடுகள்தான் அதிகம்.